மூன்றாவது பாட்டில்

ஸ்ரீரங்கம்
8.12.2024, ஞாயிறு

கனிஷ்காவின் அப்பாவுக்கு,

நேற்று மாலை கடை போனில் உங்கள் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். பக்கத்தில் அண்ணன் கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். "யாரும்மா?" என்றார். "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டுப் பொட்டலம் மடிக்கப் போய்விட்டேன்.

நம் பெண்ணுக்குக் கல்யாணம். பேசித்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன் வேண்டாம். உங்கள் குரல் வந்தால் நீங்கள் சொல்லும் விஷயம் என் காதில் ஏறாது. குடித்திருக்கிறீர்களா இல்லையா என்று அந்தக் குரலுக்குள் துழாவிக்கொண்டே இருப்பேன். உங்களோடு வாழ்ந்த பதினெட்டு வருஷத்தில் வந்த பழக்கம். பிரிந்து வந்து பதினோரு வருஷம் ஆகியும் போகவில்லை. கனிஷ்காவை நடுவில் நிறுத்திப் பேசுவதும் வேண்டாம். அவள் கல்யாணப் பெண், நமக்குத் தூது போகப் பிறக்கவில்லை.

அதனால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் இல்லை, பேப்பரில், உங்கள் கையால். உங்கள் பக்கத்து வீட்டு இம்தியாஸ் அண்ணன் தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஓட்டி வருகிறாராமே. அவர் காவிரிப் பாலத்தைத் தாண்டி வரும் நாளில் எங்கள் நாட்டு மருந்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஏன் கையால் என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ரிசப்ஷனில் ஒயின் உண்டு, அதை அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று கனிஷ்கா சொன்னாள். யார் எதைப் பார்த்துக்கொள்வது? எனக்குத் தலை சுற்றிவிட்டது. முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள். "சுபா" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.

கனிஷ்காவின் அம்மா


பொன்மலை
11.12.2024

கனிஷ்காவின் அம்மாவுக்கு,

மரியே வாழ்க. உன் கடிதத்தை இம்தியாஸ் கொண்டுவந்து கொடுத்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். நீ சொன்னபடியே கையால் எழுதுகிறேன்.

ஒயின் என் ஆசை இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். கோயிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் கேக் வெட்ட வேண்டும். பிறகு பெரியவர்கள் கையில் ஆளுக்கொரு சின்னக் குவளை ஒயின். ஒருவர் எழுந்து மணமக்களை வாழ்த்திப் பேசுவார். மேடையில் நிற்கும் இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனும் குவளையை உயர்த்தியதும் எல்லாரும் ஒரு மடக்கு. அவ்வளவுதான். சாப்பாடு மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. கேக்கும் ஒயினும் பெண் வீட்டார் பொறுப்பு. மண்டபத்துக்கும் அரசாங்கத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதை மாப்பிள்ளை அன்புச்செல்வனே பார்த்துக்கொண்டார். துவாக்குடியில் பம்பு செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், எதிலும் கணக்காக இருக்கிறார்.

சிக்கல் அவருடைய பெரியப்பா நல்லதம்பி. கப்பலில் இருபத்திரண்டு வருஷம் சமையல்காரராக இருந்தவர். நிச்சயதார்த்தத்தன்றே என்னைத் தனியாக அழைத்து, "சம்பந்தி, ஒயின்னு சொல்லிட்டு இருமல் மருந்தை ஊத்திடாதீங்க" என்றார். சிரித்தேன். ஆனால் சுருக்கென்றது. பென்ஷன்காரன் வாங்கக்கூடியது மலிவான ஒயின்தான். மலிவிலும் நல்லது எது, குடிக்கக் கூசாதது எது என்று யாராவது ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு பாட்டில் போதும்.

என்னால் ருசி பார்க்க முடியாது. நிறுத்தி ஏழு வருஷம் நாலு மாதம் ஆகிறது. கனிஷ்கா பட்டம் வாங்கிய நாளில் என்னைக் கூப்பிடவில்லை அல்லவா, அன்றைக்கு விட்டேன். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம். பழைய கூட்டாளிகளிடம் போக மாட்டேன். இம்தியாஸ் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டான். யோசித்துப் பார்த்ததில் எனக்கு நம்பிக்கையான நாக்கு உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் சொல்லும் நாக்கு.

கோபப்படாமல் யோசித்துச் சொல்.

விக்டர்


ஸ்ரீரங்கம்
15.12.2024

கனிஷ்காவின் அப்பாவுக்கு,

கோபப்படாமல் யோசிக்கச் சொன்னீர்கள். கோபப்பட்டேன், பிறகு யோசித்தேன்.

என்ன தைரியம் உங்களுக்கு! உங்கள் வாயில் அடித்த நாற்றம் பொறுக்க முடியாமல் ஜன்னலோரம் தலையணையைத் திருப்பிப் போட்டுக் கிடந்தவளிடம் போய், ஒயின் ருசி பார்த்துச் சொல் என்கிறீர்கள். கடையில் நின்றபடியே படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா, தனியா சிரிக்கிற?" என்று அண்ணன் கேட்டார். பதினோரு வருஷத்தில் உங்கள் பெயரால் இந்தக் கடையில் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

சரி, பார்க்கிறேன். உங்களுக்காக இல்லை. அந்தக் கப்பல்காரர் என் பெண்ணை இருமல் மருந்து வீட்டுப் பெண் என்று ஆயுசுக்கும் சொல்லக் கூடாது. யோசித்துப் பார்த்தால் நான் திராட்சாரிஷ்டம் விற்கிறவள்தானே. அதுவும் திராட்சை, அதுவும் ஊற வைத்தது. பசி எடுக்காத பிள்ளைகளுக்கு எத்தனை பாட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. வாங்கிய பாட்டில் ஒரு நாள்கூட உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. கடையிலிருந்து நேரே ஆட்டோ, ஆட்டோவிலிருந்து நேரே என் கை. இது நடக்காவிட்டால் ஒயினும் இல்லை, நானும் மேடைக்கு இல்லை. சர்ச்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. ரொம்பவே அழகாக இருக்கிறது.

கனிஷ்காவின் அம்மா


பொன்மலை
20.12.2024

கனிஷ்காவின் அம்மாவுக்கு,

கையெழுத்தைப் பாராட்டி எழுதியிருந்தாய். இரண்டு நாள் அந்த வரியையே படித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, துணிக்கடை மாதிரி இருக்கிற புதுக் கடை. இம்தியாஸ் ஆட்டோவை வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைக்கவே இல்லை. "பாய், அஞ்சு நிமிஷம். வெளிய வரலன்னா நான் உள்ள வந்துருவேன். ஜமாத்துல யாராச்சும் பாத்தா என் மானம் போயிரும், அதையும் யோசிச்சுக்குங்க" என்றான். என்னை அவன் பாய் என்றுதான் கூப்பிடுகிறான், நான் அவனை அண்ணாச்சி என்பேன். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு.

உள்ளே போனதும் இடது பக்கம் நான் பார்க்கவில்லை. பிராந்தி எல்லாம் அந்தப் பக்கம்தான். கால்கள் தானாகத் திரும்பும் என்று பயந்து, மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தேன். என்னைக் கண் தெரியாதவன் என்று நினைத்துக் கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மலிவு ஒயின் மூன்று ரகம் என்றார். சிவப்பில் இனிப்பில்லாதது, வெள்ளை, சிவப்பில் இனிப்பானது. இனிப்பானது இருப்பில் இல்லை, புது வருஷம் பிறந்ததும் வரும் என்றார். இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு நாலாவது நிமிஷம் வெளியே வந்துவிட்டேன்.

பாட்டிலை இம்தியாஸ் தொடவில்லை. நானே மஞ்சள் பையில் போட்டு, வாயைக் கட்டி, பின் சீட்டில் வைத்தேன். இந்தக் கடிதத்தையும் ஆட்டோவில் உட்கார்ந்தே எழுதி, பெட்டிக்கடைப் பலகையில் வைத்து மறுபடி நன்றாக எழுதி அனுப்புகிறேன். பாட்டில் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை.

அவன் பாலத்தின் மேல் வரும்போது நானும் கூட வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். அந்தப் பாலத்தில் நான் ஏறிப் பதினோரு வருஷம் ஆகிறது.

விக்டர்


ஸ்ரீரங்கம்
27.12.2024

கனிஷ்காவின் அப்பாவுக்கு,

உங்கள் மஞ்சள் பையை இம்தியாஸ் அண்ணன் என்னிடம் கொடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். இறங்கவே இல்லை. "பின்னாடி ஒரு பை கெடக்கு, நீங்களே எடுத்துக்குங்கம்மா, நான் பாக்கல" என்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டையும் அரிஷ்ட பாட்டில் வரிசைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அண்ணன் மதியம் தூங்கப் போனதும் மாடி அறைக்குக் கொண்டுபோனேன்.

முதல் பாட்டிலில் திருகு மூடி இல்லை, தக்கை. அதை எடுக்க ஒரு சாமான் உண்டாம், நம்மிடம் ஏது? அண்ணனுடைய ஸ்குரு ஆணி ஒன்றைத் தக்கையில் முறுக்கி, கட்டிங் பிளேயரால் இழுத்தேன். பாதித் தக்கை வெளியே, மீதி உள்ளே. வடிகட்டியில் ஊற்றி டம்ளரில் எடுத்தேன். நிறம் நன்றாக இருக்கிறது, நாவல் பழம் நசுக்கிய நிறம். வாயில் வைத்தால் கடுக்காய்க் கஷாயம்! பல்லெல்லாம் கூசித் துவர்த்துப் போய்விட்டது. கப்பல்காரருக்குப் பிடிக்கலாம். மற்ற நூறு பேரும் முகத்தைச் சுளித்து என் பெண்ணை வாழ்த்துவார்கள். வேண்டாம்.

வெள்ளை பரவாயில்லை. பச்சைத் திராட்சைப் புளிப்பு, பின்னால் லேசாக ஒரு கசப்பு. ஆனால் மேடையில் தூக்கிப் பிடித்தால் போட்டோவில் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். அதுவும் வேண்டாம். சிவப்பில் இனிப்பானது வந்ததும் அனுப்புங்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது. நீங்கள் குடித்தது இது இல்லை, பிராந்தி என்று தெரியும். இருந்தாலும் எனக்கு இது முதல் தடவை. முதல் வாய் குடித்ததும் எனக்கு அழுகை வந்தது. இந்தத் தண்ணிக்காகவா என்னையும் பிள்ளையையும் விட்டீர்கள்? என் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்த கனிஷ்காவைப் பரீட்சைக்குக் கூட்டிப்போக வந்தீர்கள். காலை எட்டரை மணிக்கே குடித்துவிட்டுப் பாலத்தில் ஸ்கூட்டரைச் சாய்த்தீர்கள். அவள் முழங்கையில் பதினான்கு தையல். அது இதற்காகவா?

அப்புறம் வெள்ளையில் இரண்டாவது வாய் எடுத்தேன். காது மடல் சூடானது. காலையிலிருந்து நின்றுகொண்டே பொட்டலம் கட்டிய தோள்வலி கொஞ்சம் விலகின மாதிரி இருந்தது. ஒரே ஒரு நிமிஷம் உங்களைப் புரிந்தது. புரிந்ததில்தான் எனக்குக் கோபம். புரியாமல் இருந்தபோது உங்களை வெறுப்பது சுலபமாக இருந்தது.

நம் கல்யாணத்தில் ஒயினும் இல்லை, கேக்கும் இல்லை. ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து இறங்கி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

சுபலட்சுமி


பொன்மலை
4.1.2025

கனிஷ்காவின் அம்மாவுக்கு,

ஞாபகம் இருக்கிறது. உன் சோடாவில் ஈ விழுந்துவிட்டது. என்னுடையதில் பாதியைக் கொடுத்தேன். நீ குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டி, "இனிமே எல்லாம் பாதிதான்" என்றாய்.

"இதற்காகவா" என்று கேட்டிருக்கிறாய். ஏழு வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனிப்பு ஒயின் வந்துவிட்டது. முந்தாநாள் வாங்கினேன். ஆனால் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காக உங்கள் பக்கம் வண்டிகளைத் திருப்பி விடுகிறார்களாம். பாலத்தோடு திரும்பி வந்துவிட்டதாக இம்தியாஸ் சொன்னான். அவன் வீட்டிலும் வைக்க முடியாது. ஆக, பாட்டில் இங்கே இருக்கிறது. உன் நிபந்தனையை மீறிவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. சமையலறைப் பரணில், உன் பழைய இட்லிக் கொப்பரைக்குள் வைத்து மூடியிருக்கிறேன். ஏகாதசி முடிந்ததும் இந்தக் கடிதத்தோடு வந்து சேரும்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. நீ வைத்த கறிவேப்பிலை கூரைக்கு மேலே போய்விட்டது, தெருவே வந்து பறித்துக்கொண்டு போகிறது. ஜன்னலோரத் தலையணையை நான் திருப்பிப் போடவே இல்லை.

விக்டர்


ஸ்ரீரங்கம்
12.1.2025

மூன்றாவது பாட்டில் வந்தது. திருகு மூடி. மூடியின் கீழ் வளையம் அறுந்திருக்கிறது. கழுத்துவரை இருக்க வேண்டிய ஒயின் இரண்டு விரல் குறைந்திருக்கிறது.

நான் மருந்துக் கடையில் நிற்கிறவள். சீல் உடைந்த பாட்டில் எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா?

உங்கள் கடிதத்தில் பன்னீர் சோடாவைப் படித்துவிட்டு, கூட்டம் நெரிகிற கடையில், முட்டாள் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்தேன். கறிவேப்பிலையும் தலையணையும் எழுதத் தெரிந்த மனுஷனுக்கு இதை எழுதத் தெரியவில்லையே!

மேடைக்கு வர மாட்டேன். கனிஷ்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். பத்திரிகையில் என் பெயர் அச்சாகிவிட்டது, அது கிடக்கட்டும். இனி எழுத வேண்டாம்.

சுபலட்சுமி


பொன்மலை
13.1.2025

சுபா,

எழுத வேண்டாம் என்றாய். சுபா என்று ஆரம்பிக்காதே என்றும் சொன்னாய். இரண்டையும் மீறுகிறேன். இதற்கு மேல் இழக்க என்ன இருக்கிறது?

பாட்டிலைத் திறந்தது நான்தான். ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு. அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது. பிரித்தேன். "திரு. விக்டர் - திருமதி சுபலட்சுமி விக்டர்" என்று ஒரே வரியில் இருந்தது. பதினோரு வருஷமாக உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்து யாரும் எழுதியதில்லை, ரேஷன் கார்டில்கூட நீ பிரித்து எடுத்துக்கொண்டாய். அச்சடித்தவனுக்கு என்ன தெரியும். பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. இரண்டில் எது வந்தாலும் முன்பெல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போவேன்.

பரணில் ஏறி எடுத்தேன். மூடியைத் திருகினேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசனை வந்தது. பத்திரிகையை அதன் பக்கத்தில் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோயில் மணி அடித்தபோது எழுந்துபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். நாக்கில் படவில்லை சுபா. கையில் பட்டது. கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன்.

முழுசையும் கொட்டியிருக்கலாம். கொட்டினால் இன்னொன்று வாங்க அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டும். அன்றைக்கு இருந்த நிலையில் அங்கே போயிருந்தால் இடது பக்கம் திரும்பியிருப்பேன். அதனால் மூடி வைத்தேன். நீ கவனிக்க மாட்டாய் என்று நினைத்து ஒன்றும் எழுதாமல் பழைய கடிதத்தோடு அனுப்பினேன். குடிக்காதது நிஜம். மறைத்ததும் நிஜம். சாட்சிக்கு யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கையால் எழுதச் சொன்னாயே, என் கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் என்று புரிந்துகொண்டேன். இப்போது வயசுக்கே கொஞ்சம் நடுங்கும். நீ தப்பாக நினைப்பாயோ என்று முன்பு எழுதிய கடிதமெல்லாம் கோடு போட்டு, மூன்று நாலு தரம் படி எடுத்து, அழகாக வந்ததைத்தான் அனுப்பினேன். இதைப் படி எடுக்கத் தெம்பில்லை. கிறுக்கலாக இருக்கிறது, தெரிகிறது. அப்படியே அனுப்புகிறேன்.

கனிஷ்காவுக்காக மேடைக்கு வா. நான் வேண்டுமானால் கீழே நிற்கிறேன்.

விக்டர்


ஸ்ரீரங்கம்
19.1.2025

கனிஷ்காவின் அப்பாவுக்கு,

பொங்கலும் போயிற்று. ஆறு நாளாக உங்கள் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பெட்டியிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தேன். பாலத்தில் விழுந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் எனக்கு எழுதிக் கொடுத்தீர்களே, "இனித் தொட மாட்டேன், மாதா மேல் ஆணை" என்று. அதன் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஒரு கோணல் கிடையாது.

உங்களுக்கு இது தெரியாது. எப்படித் தெரியும்? நீங்கள் உங்களை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் காலையில் எழுந்ததும் உங்கள் கை ஆடும். சம்பள பாரத்தில் கையெழுத்துப் போடக்கூட வராது. ஒரு ரவுண்டு வெளியே போய்விட்டு வருவீர்கள். வந்ததும் முத்து முத்தாகப் போடுவீர்கள். கை ஆடினால் குடிக்கவில்லை, எழுத்து அழகாக இருந்தால் உள்ளே போயிருக்கிறது. பதினெட்டு வருஷம் நான் பார்த்த கணக்கு அது. கையால் எழுதச் சொன்னது அதற்குத்தான்.

இப்போது யோசியுங்கள். டிசம்பரிலிருந்து நீங்கள் அனுப்பிய ஒவ்வொன்றும் முத்து முத்தாக வந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஒவ்வொன்றையும் பிரித்ததும், மறுபடி ஆரம்பித்துவிட்டீர்களோ என்று எழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். ரொம்பவே அழகாக இருக்கிறது என்று எழுதினேனே, அது பாராட்டு இல்லை. நீங்கள் அதை இரண்டு நாள் படித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். உங்களை என்ன சொல்வது? அடி முட்டாள் மனுஷா!

கடைசிக் கடிதத்தில்தான் எழுத்து கோணிக்கொண்டு கிடக்கிறது. "நாக்கில் படவில்லை" என்ற இடத்தில் பேனா இரண்டு தரம் வழுக்கியிருக்கிறது. அந்த வரியைத்தான் ஆறு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் குடித்திருந்தால் அதை எவ்வளவு அழகாக எழுதியிருப்பீர்கள்! நம்புகிறேன். மறைத்ததற்கு மன்னிப்பு கிடையாது, அது தனி.

மூன்றாவது ஒயினே இருக்கட்டும். நேற்று மதியம் ருசி பார்த்தேன். பானைத் தண்ணீரில் பாட்டிலை வைத்துக் குளிர வைத்துவிட்டுக் குடித்தால் திராட்சாரிஷ்டத்துக்கு நல்ல துணி உடுத்திவிட்ட மாதிரி இருக்கிறது. இனிப்பு திகட்டவில்லை, நிறமும் இருக்கிறது, மூன்றில் விலையும் இதுதான் குறைச்சல். பன்னிரண்டு பாட்டில் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளையே வாங்கி நேரே மண்டபத்தில் இறக்கட்டும். ஊற்றுவதற்கு ஒரு மணி முன்னால் ஐஸில் வைக்கச் சொல்லுங்கள், இது முக்கியம்.

மேடையில் நிற்கிறேன். நீங்களும் மேடையில்தான் நிற்க வேண்டும், கீழே இல்லை. நம் இரண்டு குவளையிலும் ஒயின் இருக்காது. அன்று காலையில் கருப்புத் திராட்சை பிழிந்து, வடிகட்டி, பிளாஸ்கில் எடுத்து வருவேன். உங்களுக்கும் எனக்கும் நான்தான் ஊற்றுவேன். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

சுபலட்சுமி


பொன்மலை
6.2.2025, வியாழன்

சுபா,

கடிதத்தைப் படி எடுக்கவில்லை. கோடும் போடவில்லை. பார்த்துக்கொள்.

நேற்று கல்யாணத்தில் நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், மறுபடி ஒரு தரம் நடக்கட்டும் என்று. கோயிலில் பீடத்தை நோக்கி நடக்கும்போது கனிஷ்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கவுனுக்கு நீளக் கை வைக்கச் சொல்லியிருந்தேன். அவள் குட்டைக் கை வைத்துத் தைத்திருந்தாள். முழங்கைத் தழும்பு என் கோட்டின் மேல் படிந்திருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இருக்கட்டும்ப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, நேரா பாத்து நடங்க" என்றாள். அதற்குப் பிறகு எனக்குப் பீடம் சரியாகத் தெரியவில்லை.

நல்லதம்பி ஐயா குவளையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். எனக்கு உயிர் போய் வந்தது. "சம்பந்தி, இது எந்த நாட்டுது?" என்றார். என் சம்சாரம் தேர்ந்தெடுத்தது என்றேன். சம்சாரம் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்டாயோ என்னவோ தெரியாது, அந்த நேரம் நீ பிளாஸ்கைத் திருகிக்கொண்டிருந்தாய்.

திராட்சை ரசத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாய். குவளையைக் கொடுக்கும்போது உன் விரல் பட்டது. மாம்பழ நிறப் பட்டு, காதோரம் நரை, மற்றபடி பஸ் ஸ்டாண்டில் நின்ற அதே ஆள். குடித்து முடித்ததும் என் குவளையில் பாதி மிச்சம் வைத்தேன். உன்னிடம் நீட்ட வேண்டும் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் தைரியம் வரவில்லை. நீ அண்ணன் காரில் ஏறும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்ததாக இம்தியாஸ் சொல்கிறான். என் மனசுக்காகச் சொல்லியிருப்பான்.

பதினோரு பாட்டில் செலவாகி ஒன்று மிச்சம். சீல் உடையாதது. மண்டபத்தைக் காலி செய்யும்போது மாப்பிள்ளையின் தம்பி சாமான்களோடு சேர்த்து இங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டான், நான் காலையில்தான் பார்த்தேன். உன் நிபந்தனை ஞாபகம் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு இம்தியாஸ் உடனே கொண்டுவருகிறான். வாங்கிக்கொள்.

இனிமேல் எழுதுவதற்கு நமக்குள் ஒயின் விஷயம் ஏதும் இல்லை. அதுதான் வருத்தமாக இருக்கிறது.

விக்டர்


ஸ்ரீரங்கம்
7.2.2025, வெள்ளி

விக்டர்,

திரும்பித்தான் பார்த்தேன். இம்தியாஸ் அண்ணன் பொய் சொல்லவில்லை. சம்சாரம் என்று நீங்கள் சொன்னதும் என் காதில் விழுந்தது. பிளாஸ்க் மூடி அவ்வளவு நேரம் திருகுகிற சாமான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் முதல் விருந்துக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறார்களாமே. ஒற்றை ஆள் என்ன சமைப்பீர்கள், ரசமும் அப்பளமுமா? நாளை சனிக்கிழமை நான் வருகிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் அரை கிலோ மிளகை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காரில் வர மாட்டேன், பஸ்ஸில்தான். பத்து மணிக்குச் சத்திரத்தில் வந்து நில்லுங்கள். சோடாக் கடை இப்போது எந்தப் பக்கம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

பாட்டிலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "போகும்போதும் நானு, வரும்போதும் நானா?" என்று இம்தியாஸ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கும் கனிஷ்காவுக்கும் விருந்தில் ஊற்ற வேண்டியது அது. பரணில் ஏற்ற வேண்டாம், கொப்பரை எனக்கு இட்லிக்கு வேண்டும். மேஜை மேலேயே வையுங்கள். நான் வரும்வரை அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

சுபா